வடிகட்டியில் பிடித்த பனி

“சிறு சிக்கல்” என்றுதான் கீழேயிருந்து வந்த குரல் சொன்னது. 1963 ஏப்ரல் 10, காலை மணி 9.13. அமெரிக்காவின் கேப் காட் முனைக்குக் கிழக்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கடலில் ஸ்கைலார்க் என்ற மீட்புக் கப்பல் நின்றிருந்தது. அதற்கடியில், கண்ணுக்கு எட்டாத ஆழத்தில், த்ரெஷர் என்ற அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஆழச் சோதனை செய்துகொண்டிருந்தது. இரண்டு கப்பல்களையும் இணைத்தது நீருக்குள் ஒலியாகப் பேச்சை அனுப்பும் தொலைபேசி ஒன்றுதான். கப்பலின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறது, தொட்டிகளுக்குள் காற்றை ஊதப் பார்க்கிறோம் என்றது அந்தச் செய்தி. நான்கு நிமிடம் கழித்து இன்னொரு செய்தி. சிதைந்து, பாதிக்குமேல் விளங்காமல் வந்தது. அதற்கு அடுத்த நிமிடத்தில் கேட்டது பேச்சு அல்ல. இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள் நொறுங்குவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு மட்டுமே அடையாளம் தெரியக்கூடிய ஓசை.

கப்பலில் இருந்தவர்கள் 129 பேர். அவர்களில் 17 பேர் கடற்படையைச் சேராதவர்கள். கப்பல் கட்டும் தளத்திலிருந்தும் கருவி செய்த நிறுவனங்களிலிருந்தும் சோதனையைப் பார்க்க வந்தவர்கள். தாங்கள் செய்த வேலை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே அதற்குள் ஏறியவர்களும் அவர்களில் இருந்தார்கள் என்பதை இந்த நிகழ்ச்சியைப் பற்றிப் படிக்கும் ஒவ்வொரு முறையும் என்னால் கடந்துபோக முடிவதில்லை.

த்ரெஷர் பழைய கப்பல் அல்ல. 1960-இல் நீரில் இறக்கப்பட்டு, 1961 ஆகஸ்டில் பணியில் சேர்ந்தது. நீளம் 85 மீட்டர். அக்காலத்தில் அதைவிட அமைதியாக, அதைவிட ஆழமாகச் செல்லக்கூடிய தாக்குதல் நீர்மூழ்கி அமெரிக்காவிடம் இல்லை. அது செல்லலாம் என்று அனுமதிக்கப்பட்ட சோதனை ஆழம் 1,300 அடி, அதாவது ஏறத்தாழ 400 மீட்டர். மெய்ன் மாநிலத்தின் கிட்டரியில் உள்ள போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில் ஒன்பது மாதம் பழுதுபார்ப்புக்காக நின்றுவிட்டு, விபத்துக்கு முந்தைய நாள்தான் கடலுக்கு வந்திருந்தது. தளபதி ஜான் வெஸ்லி ஹார்வி பொறுப்பேற்று மூன்று மாதம்கூட முழுதாக முடியவில்லை. ஆனால் அவர் புதியவர் அல்ல. 1958-இல் வட துருவத்துப் பனிக்கடியில் சென்ற நாட்டிலஸ் கப்பலில் பணியாற்றியவர்.

அப்படிப்பட்ட கப்பல் எப்படிப் போனது? இதற்கு ஒற்றை வரியில் விடை கிடையாது. காரணங்களைத் தொடுத்துப் பார்க்கும்போது ஒன்று மட்டும் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ஒரு கருவி கெட்டுப்போகாமல் இருக்கப் பொருத்திய ஏற்பாடும், ஓர் இயந்திரம் சேதமாகாமல் இருக்க எழுதிவைத்த விதியும், கப்பல் பிழைக்க வேண்டிய அந்தச் சில நிமிடங்களில் அதற்கு எதிராகவே வேலை செய்தன. அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், ஒரு நீர்மூழ்கி நீருக்குள் எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். அது மிதப்பதும் இல்லை, மூழ்குவதும் இல்லை. இரண்டுக்கும் நடுவே தராசு முள் போல நிற்கிறது. கப்பல் விலக்கும் நீரின் எடையும் கப்பலின் எடையும் சமமாக இருந்தால் அது இருந்த இடத்தில் இருக்கும். வெளிப்புறத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினால் எடை கூடி இறங்கும். காற்றை ஊதி அந்த நீரைத் தள்ளினால் எடை குறைந்து ஏறும். இதுவரை பள்ளிப் பாடம்.

பாடத்தில் அதிகம் சொல்லாத ஒன்று உண்டு. ஆழம் போகப் போக எஃகு உடல் நசுங்கி, கொஞ்சம் சுருங்குகிறது. கடல்நீரும் அழுத்தத்தில் சுருங்கும். ஆனால் கப்பலின் உடல் அதைவிட அதிகமாகச் சுருங்குகிறது. சுருங்கிய கப்பல் குறைந்த நீரையே விலக்கும். அதன் எடையோ மாறவில்லை. ஆகவே மேலே சமநிலையில் இருந்த கப்பல் கீழே போனதும் பாரமாகிவிடுகிறது. இறங்க இறங்க இன்னும் பாரம், பாரமானதால் இன்னும் இறக்கம். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர இரண்டே வழி. சுழலி வேகமாகச் சுற்ற, விமானம் மேலேறுவது போல் மூக்கைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏற வேண்டும். இல்லையென்றால் தொட்டிகளில் காற்றை ஊத வேண்டும். முதல் வழிக்கு இயந்திர விசை வேண்டும். இரண்டாவதற்கு அழுத்திவைத்த காற்று வேண்டும். அன்று காலை இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன.

அழுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 400 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 40 கிலோ அழுத்தும். ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் 150 கிலோ. அந்த ஆழத்தில் சுவரில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? ஊரில் இருக்கும் மேல்நிலை நீர்த்தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 15 மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் கீழே குழாயைக் கட்டைவிரலால் அடைத்துவிடலாம். அதே தொட்டி 400 மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயிலிருந்து நீர் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வரும். ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை போதும். நிமிடத்துக்கு ஆறு டன் நீர் உள்ளே கொட்டும். அதை அடைக்க யாரும் பக்கத்தில் போக முடியாது. எதிரே இருக்கும் தகட்டில் மோதி அது அறை முழுவதும் உப்புப் புகையாகப் பரவும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். மின் பலகைகள் மேல் அது படிந்தால் அவை ஒவ்வொன்றாகச் செயலிழக்கும்.

கடற்படை அமைத்த விசாரணைக் குழு 120 சாட்சிகளை விசாரித்தது. வாக்குமூலங்கள் மட்டும் 1,700 பக்கம். அந்தக் குழு இப்படிப்பட்ட ஒரு துளையைத்தான் தொடக்கப் புள்ளியாகக் கருதியது. இயந்திர அறையில் கடல்நீர் ஓடும் குழாய் ஒன்றின் இணைப்பு விட்டிருக்க வேண்டும் என்றது.

அந்த இணைப்புகள் வெள்ளிக் கலவையால் பற்றவைக்கப்பட்டவை. நம் ஊர்ப் பொற்கொல்லர் சங்கிலிக் கண்ணியை ஒட்டும்போது பொடி வைத்து ஊதுவார் அல்லவா, அடிப்படையில் அதே வேலைதான். குழாயின் முனையை ஓர் உறைக்குள் செருகி, இடையில் மெல்லிய இடுக்கு விட்டு, சூடாக்கி, உருகிய வெள்ளிக் கலவையை அந்த இடுக்குக்குள் இழுக்கவிடுவார்கள். நன்றாகப் பரவினால் அது உறுதியான இணைப்பு. இடுக்கின் பாதித் தூரத்தோடு கலவை நின்றுவிட்டாலும் வெளிவிளிம்பில் அழகான வெள்ளி வளையம் தெரியும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. நீர் அழுத்தச் சோதனையில்கூட அரைகுறை இணைப்பு தப்பிவிடலாம்; பல மாதம் அதிர்ந்து, சூடேறி, குளிர்ந்து, அழுத்தம் ஏறி இறங்கிய பிறகே அதன் குறை வெளியே வரும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. மருத்துவமனையில் வயிற்றைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் போன்ற மீயொலியைச் செலுத்தினால் கலவை எங்கே நின்றது என்று தெரியும். அப்போது அது புதிய முறை. கடைசிப் பழுதுபார்ப்பின்போது த்ரெஷரில் அதைச் செய்து பார்த்தார்கள். 145 இணைப்புகளைச் சோதித்ததில் ஏறத்தாழ 14 சதவீதம் தரத்துக்குக் குறைவாக இருந்தன. கப்பலில் மொத்தம் இருந்தவை சுமார் 3,000. எஞ்சியவற்றுக்கும் இதே விகிதம் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 400 அரைகுறை இணைப்புகளோடு அந்தக் கப்பல் கடலுக்குப் போனது. அத்தனையும் உடைந்துவிடும் என்பதல்ல. ஒன்று உடைந்தால் போதும்.

இனி விசை போன கதை. கடல்நீர் மின் பலகைகளைத் தொட்டதும் அணு உலையின் பாதுகாப்பு ஏற்பாடு தன் வேலையைச் செய்தது என்பது விசாரணைக் குழுவின் முடிவு. கட்டுப்பாட்டுத் தண்டுகள் உள்ளே இறங்கி உலை அணைந்தது. அது சரியான செயல்தான். உலையின் குளிர்விப்புக்கு ஆபத்து என்றால் உலை அணையத்தான் வேண்டும். ஆனால் உலை அணைந்த கணமே நீராவி இல்லாமல் போய்விடாது. அடுப்பை அணைத்த பிறகும் குக்கர் விசில் அடிக்குமே, அப்படி உலையிலும் கொதிகலனிலும் நிறைய வெப்பம் மிச்சம் இருக்கும். அந்த நீராவியைச் சுழலிக்கு விட்டிருந்தால் சிறிது நேரமாவது கப்பல் மேல்நோக்கி ஓடியிருக்கும். அன்றைய விதி வேறு மாதிரி இருந்தது. உலை அணைந்தால் முதன்மை நீராவி வால்வுகளை மூட வேண்டும். நீராவியை எடுத்துக்கொண்டே போனால் உலை வேகமாகக் குளிர்ந்துவிடும், மறுபடி தொடங்குவது கடினமாகும் என்பது காரணம். மறுபடி தொடங்கவோ பல நிமிடம் தேவை. கரையோரத்தில், கட்டிவைத்த கப்பலில், இந்த விதியில் எந்தக் குற்றமும் காண முடியாது. 400 மீட்டர் ஆழத்தில், பாரமேறிக்கொண்டிருக்கும் கப்பலில், அது உலையைக் காப்பாற்றிவிட்டுக் கப்பலைக் கைவிடும் விதி.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வழி மிச்சம் இருந்தது: காற்று.

கப்பலின் எஃகு உருளைகளில் சதுர அங்குலத்துக்கு 4,500 பவுண்டு அழுத்தத்தில், அதாவது 300 வளிமண்டலத்துக்கும் மேல், காற்று அடைத்துவைக்கப்பட்டிருந்தது. ஆழத்தில் தொட்டியைக் காலி செய்வது எளிய வேலை அல்ல. வெளியே 40 வளிமண்டல அழுத்தத்தில் நிற்கும் கடலைத் தள்ள வேண்டும். மேல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் நீரைத் தள்ளத் தேவைப்படும் காற்றைப்போல் அங்கே ஏறத்தாழ நாற்பது மடங்கு வேண்டும். நிறையக் காற்று, வேகமாக, தடையில்லாமல் போக வேண்டும்.

சைக்கிள் கடையில் டியூபின் வால்வைத் திறந்து காற்றை விடும்போது விரலை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்கும். அழுத்தத்தில் இருந்த காற்று விரியும்போது குளிர்கிறது. பஞ்சர் கடையில் அந்தச் சிறிய அழுத்தத்துக்கே இந்தக் குளிர் என்றால் 300 வளிமண்டலக் காற்று குறுகிய வழியில் பாய்ந்து விரியும்போது வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே போய்விடும். காற்று வெறும் காற்றாக இருந்தால் அதனால் கெடுதல் இல்லை. அதில் ஈரம் இருந்தது. இதையும் பஞ்சர் கடையிலேயே பார்க்கலாம். கம்ப்ரசர் தொட்டியின் அடியில் இருக்கும் திருகைக் கடைக்காரர் அவ்வப்போது திறந்துவிடுவார். கலங்கலான நீர் வடியும். காற்றை அழுத்தும்போது அதிலிருந்த ஈரமும் சேர்ந்து அடைபடுகிறது. கடலின் ஈரக் காற்றை உலர்த்தாமல் 300 மடங்கு அழுத்தினால் எவ்வளவு நீர் சேரும்!

அந்தக் காற்று போகும் வழியில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வுகள் இருந்தன. நுட்பமான வால்வுகள், தூசோ துருத் துகளோ உள்ளே போனால் சிக்கிக்கொள்ளும். அதனால் அவற்றுக்கு முன்னால் கூம்பு வடிவ வலை வடிகட்டிகளைப் பொருத்தியிருந்தார்கள். அந்த வலைக்கண்களில்தான் பனி பிடித்தது.

இதை யாரும் த்ரெஷரில் நேரில் பார்த்துச் சொல்லவில்லை. சொல்வதற்கு யாரும் திரும்பவில்லை. விபத்துக்குப் பிறகு, அதே வகையைச் சேர்ந்த டினோசா என்ற கப்பலைக் கரையோரத்தில் நிறுத்திவைத்து, ஆழத்தில் ஊதுவதுபோல் காற்றைத் தொடர்ந்து விட்டுப் பார்த்தார்கள். அரை நிமிட அளவில் வடிகட்டிகளில் பனி மூடி, காற்று நின்றுபோனது. அங்கே நின்று பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். கரையில், கயிற்றால் கட்டிய கப்பலில், சில நிமிடத்தில் செய்து முடித்துவிடக்கூடிய சோதனை. ஏப்ரல் 10-க்கு முன் எந்த நாளிலும் செய்திருக்கலாம்.

வால்வைக் காக்க வடிகட்டி. உலையைக் காக்க நீராவி மூடல். ஒவ்வொன்றையும் வடிவமைத்தவர் தன் பொறுப்பில் இருந்த பொருளைப் பற்றிச் சரியாகவே யோசித்திருக்கிறார். குழாய், உலை, காற்று ஆகிய மூன்றும் ஒரே நிமிடத்தில், ஒரே ஆழத்தில் ஒன்றையொன்று சந்தித்தால் என்ன ஆகும் என்று சேர்த்து யோசிப்பது யார் பொறுப்பிலும் இருந்திருக்கவில்லை. அமெரிக்க அணுசக்திக் கப்பல்களின் தந்தை என்று சொல்லப்படும் அட்மிரல் ஹைமன் ரிக்கோவரும் நாடாளுமன்றக் குழுவின் முன் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: ஒரு பற்றவைப்பையோ ஒரு பாகத்தையோ சுட்டிக்காட்டி நிறுத்திவிடாதீர்கள், வடிவமைத்து, கட்டி, சோதிக்கும் முறையையே பாருங்கள் என்று.

விசாரணைக் குழுவின் கதையை எல்லோரும் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடலடி ஒலிகளைக் கேட்க அட்லாண்டிக்கில் அமெரிக்கா போட்டிருந்த இரகசிய ஒலிவாங்கி வலையில் த்ரெஷரின் கடைசி நிமிடங்கள் பதிவாகியிருந்தன. அந்த ஒலிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த புரூஸ் ரூல் என்ற கடற்படை ஒலி ஆய்வாளர், குழாய் உடையவே இல்லை என்கிறார். அந்த ஆழத்தில் நீர் பீறிட்டிருந்தால் அதன் ஓசை பேரிரைச்சலாகப் பதிவாகியிருக்கும், அப்படி ஏதும் இல்லை. மின் பிரிவில் ஏற்பட்ட கோளாறால் உலையைக் குளிர்விக்கும் பம்புகள் நின்றதே தொடக்கம் என்பது அவர் வாதம். ஓய்வுபெற்ற நீர்மூழ்கித் தளபதி ஜேம்ஸ் பிரையன்ட் தொடுத்த வழக்கில் 2020-இல் நீதிமன்றம் ஆணையிட்ட பிறகுதான் விசாரணை ஆவணங்கள் தவணை தவணையாக வெளிவரத் தொடங்கின. அதற்குள் 57 ஆண்டுகள் ஓடிவிட்டன; கணவனுக்கு, தந்தைக்கு என்ன ஆயிற்று என்று அறியக் காத்திருந்த பலர் அதைப் படிக்கவே இல்லாமல் போய்விட்டார்கள். எனக்கு இந்த விவாதத்தில் முக்கியமாகப் படுவது ஒன்று. தொடக்கம் குழாயா, மின்சாரமா என்பதில்தான் விசாரணைக் குழுவுக்கும் ரூலுக்கும் வேறுபாடு. உலை அணைந்தது, விசை போனது, பனி பிடித்துக் காற்று நின்றது என்ற பிந்தைய பகுதி இரண்டு கதைகளிலும் ஒன்றே. தொடக்கம் எதுவாக இருந்தாலும் கப்பல் மீண்டு வந்திருக்கலாம். மீளும் வழிதான் அடைபட்டுக் கிடந்தது.

முடிவைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சோதனை ஆழத்தைத் தாண்டி, ஏறத்தாழ 730 மீட்டரில், 9.18-க்கு எஃகு உடல் உள்நோக்கி நொறுங்கியது. ஒலிப் பதிவின்படி அது முடிய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஆனது. கண்ணில் பட்டது மூளைக்கு எட்டி, இன்னது என்று உணர்வதற்கு அதைவிட அதிக நேரம் வேண்டும். அந்தக் கடைசிக் கணத்தில் வலி இருந்திருக்காது. அதற்கு முந்தைய ஐந்து நிமிடங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

மேலே காத்திருந்த ஸ்கைலார்க்கிடம் ஒரு மீட்பு அறை இருந்தது. கம்பியில் இறக்கி, மூழ்கிய கப்பலின் கதவோடு பொருத்தி ஆட்களை ஏற்றும் மணி வடிவக் கூண்டு. அது போகக்கூடிய ஆழம் 260 மீட்டர் அளவு. த்ரெஷர் விழுந்த இடத்தில் கடலின் ஆழம் 2,560 மீட்டர். சோதனைக்குத் துணையாக அந்தக் கப்பலை அனுப்பியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினார்கள். கடலின் கணக்கு வேறு: ஒரு நீர்மூழ்கியின் உடல் தாங்கும் ஆழத்துக்குள் கடற்படுகை இருந்தால்தான் மீட்பு என்ற சொல்லுக்கே இடம் உண்டு. 2000-இல் ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கி வெறும் 108 மீட்டரில் கிடந்தது; முன்பகுதி வெடித்துச் சிதறிய பிறகும் பின்னறையில் 23 பேர் உயிரோடு இருந்தார்கள், ஆயினும் அவர்களையும் உரிய நேரத்தில் எட்ட முடியவில்லை. 2021 ஏப்ரலில் இந்தோனேசியாவின் நங்காலா பாலிக் கடலில் 53 பேரோடு காணாமல் போனபோது இந்தியக் கடற்படை விசாகப்பட்டினத்திலிருந்து தன் ஆழ்கடல் மீட்புக் கலத்தை அனுப்பியது. இந்தக் கலம் 650 மீட்டர் வரை இறங்கக்கூடியது. நங்காலா மூன்று துண்டாகக் கண்டுபிடிக்கப்பட்டது 838 மீட்டரில்.

த்ரெஷருக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை செய்தது பெரிய கண்டுபிடிப்பு அல்ல. அலுப்பூட்டும் அளவுக்கு நுணுக்கமான கணக்கெழுத்து. 1963 முடிவதற்குள் சப்சேஃப் என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. அது கேட்பது இரண்டே கேள்வி. கடல்நீரை வெளியே நிறுத்தும் ஒவ்வொரு பாகமும் தாங்குமா? நீர் உள்ளே வந்துவிட்டால் கப்பல் மேலே ஏற முடியுமா? நாற்காலி, படுக்கை, சமையலறை, ஆயுதம் எதைப் பற்றியும் அதற்குக் கவலை இல்லை. ஆனால் இந்த இரண்டில் ஒன்றைத் தொடும் பாகம் என்றால் அந்த உலோகம் எந்த வார்ப்பிலிருந்து வந்தது, யார் பற்றவைத்தார், எந்த நாளில், யார் சோதித்தார் என்று எழுத்தில் சான்று இருக்க வேண்டும். நல்ல தொழிலாளி, அவர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்ற வாய்ச்சொல்லை ஏற்பதில்லை. தாள் இல்லையென்றால் அந்தப் பாகத்தைக் கழற்றிவிட வேண்டும்.

கப்பல்களும் மாறின. முக்கியமான குழாய் இணைப்புகள் பல பற்றவைப்பிலிருந்து வெல்டிங்குக்கு மாறின. காற்றை உலர்த்தும் கருவிகள் வந்தன. வடிகட்டியையும் குறைப்பு வால்வையும் தொடாமல் உருளையிலிருந்து நேராகத் தொட்டிக்குக் காற்றை விடும் அவசர வழி ஒன்று தனியாக அமைக்கப்பட்டது. கட்டுப்பாட்டு அறையில் இரண்டு கைப்பிடிகளைத் திருப்பினால் போதும். உலை அணைந்தாலும் மிச்ச நீராவியைச் சுழலிக்குக் கொடுக்கலாம் என்று விதி மாற்றி எழுதப்பட்டது. உலையை விரைவாக மறுபடி தொடங்கும் முறையும் வகுக்கப்பட்டது. த்ரெஷர் மூழ்கிய காலையில் இவற்றில் எதுவும் அறிவியலுக்குப் புதிதாக இருந்திருக்காது. காற்று விரிந்தால் குளிரும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்த இயற்பியல்.

1915 முதல் 1963 வரை அமெரிக்கா போர் அல்லாத காரணங்களால் 16 நீர்மூழ்கிகளை இழந்திருக்கிறது. அதன்பின் இழந்தது ஒன்றே ஒன்று: 1968 மே மாதம் அசோர் தீவுகளுக்குத் தென்மேற்கே 99 பேரோடு மூழ்கிய ஸ்கார்பியன். அதற்குச் சப்சேஃப் சான்றிதழ் வழங்கப்பட்டிருக்கவில்லை. பழுதுபார்ப்பு நேரத்தைக் குறைப்பதற்காக அந்த வேலைகள் தள்ளிப்போடப்பட்டிருந்தன. சான்றிதழ் பெற்ற கப்பல் ஒன்றுகூட இன்றுவரை போகவில்லை. 2003-இல் கொலம்பியா விண்கலம் ஏழு பேரோடு சிதறியபோது விசாரணைக் குழு நாசாவுக்கு முன்னுதாரணமாகக் காட்டியவற்றில் இந்தத் திட்டமும் ஒன்று.

கடற்படுகையில் கிடக்கும் எச்சங்களுக்கு இன்னொரு வரலாறு உண்டு. 1985-இல் டைட்டானிக்கைக் கண்டுபிடித்தவர் என்று உலகம் கொண்டாடும் ராபர்ட் பாலார்ட், உண்மையில் த்ரெஷரையும் ஸ்கார்பியனையும் படமெடுக்கவே கடற்படையின் பணத்தில் அனுப்பப்பட்டார். அது முடிந்து மிஞ்சிய பன்னிரண்டு நாளில்தான் டைட்டானிக்கைத் தேடினார். இந்த இரகசியம் வெளியானது 2008-இல். நொறுங்கிய நீர்மூழ்கியின் துண்டுகள் ஒரே இடத்தில் குவியாமல், கனமானவை நேராக விழ, இலேசானவை நீரோட்டத்தில் மிதந்துபோய், வால்நட்சத்திரத்தின் வால் போல நீண்ட தடமாகக் கிடப்பதை அவர் பார்த்திருந்தார். ஆகவே கப்பலைத் தேடாமல் தடத்தைத் தேடினார். டைட்டானிக் கிடைத்தது. த்ரெஷரின் உலையிலிருந்து எரிபொருள் கசிகிறதா என்று பார்க்க அங்கே மறுபடி மறுபடி மண்ணும் நீரும் மீனும் எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். எரிபொருள் அடைப்பு உடையவில்லை, வண்டலில் மிகச் சிறிய அளவு கோபால்ட்-60 மட்டும் உண்டு என்பது முடிவு.

ஆனால் அந்த இடத்துக்கு முதலில் இறங்கிய மனிதர்கள் பாலார்டின் காலத்தவர் அல்ல. 1963 கோடையில், மூன்று ஆண்டுகளுக்கு முன் மரியானா அகழியின் அடியைத் தொட்ட அதே ட்ரியெஸ்ட் கலம் அட்லாண்டிக்குக் கொண்டுவரப்பட்டது. மெதுவாக ஊர்வது, சன்னல் சின்னது, விளக்கின் வெளிச்சம் சில மீட்டருக்கு மேல் எட்டாது. பல முறை வெறுங்கையோடு மேலே வந்தது. ஆகஸ்ட் 28 அன்று இறங்கியபோது, சேறு படிந்த சிதறல்களுக்கு நடுவே அதன் இயந்திரக் கை ஒரு பொருளைப் பற்றித் தூக்கி வந்தது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள செப்புக் குழாய், முனையில் ஓர் இணைப்போடு. அதில் “593 போட்” என்று பொறித்திருந்தது. 593 என்பது த்ரெஷரின் எண். கிட்டரியின் பணிமனையில், எந்தக் குழாய் எந்தக் கப்பலுக்கு என்று மாறிப்போகாமல் இருக்க யாரோ ஒரு தொழிலாளி போட்ட அடையாளம்.